சாமி இல்லாத உலகத்தில் பூசாரி: மூன்று வருடம் ஆடிப் பார்த்த அனுபவம்

காரைக்குடியில் ஆயா (பாட்டி) வீட்டுப் பட்டாலையில் ஞாயிறு சாயங்காலம் கூடி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம். ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம் அது. ஐந்து பேர், ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகள், கதையை நடத்தும் டிஎம் நான்தான். இந்த மூன்று வருடத்தில் நான் அதிகம் அடித்துத் திருத்தியது கிளெரிக், அதாவது தெய்வ சக்தியால் மந்திரம் போடும் பூசாரிப் பாத்திரம், பற்றிய விதிகளைத்தான். அந்த அனுபவத்தை முழுசாக எழுதி வைக்கிறேன். இதே சிக்கலில் இருக்கும் டிஎம் யாருக்காவது உதவும்.

ஏன் சாமி இல்லாத உலகம்? முதல் கேம்பெயினில் (பல வாரம் தொடர்ந்து ஆடும் ஒரே கதையில்) போர்த்தெய்வம் ஒன்றைக் கும்பிடும் கிளெரிக் இருந்தான். ஒரு நாள் அந்தத் தெய்வம் கோபப்படுமா, மன்னிக்குமா என்று பகடை உருட்டிக்கொண்டிருந்தோம். வெள்ளைப் பணியாரத் தட்டோடு வந்த ஆயா கொஞ்ச நேரம் நின்று கேட்டார்கள். “சாமிய வச்சா வெளையாடுறீக?” என்று மட்டும் கேட்டுவிட்டு, தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. வருடம் தவறாமல் பிள்ளையார் நோன்புக்கு இழை எடுத்துக்கொள்கிறவர்கள் அவர்கள். அன்றைக்கு அதற்கு மேல் எனக்கு ஆட்டம் ஓடவில்லை. எங்கள் மேசையில் சர்ச்சுக்குப் போகிறவர் ஒருவர், கடவுள் நம்பிக்கை இல்லாதவர் ஒருவர். கேட்டுப் பார்த்தால் அவர்களுக்கும் அது உறுத்தலாகத்தான் இருந்திருக்கிறது. சரி, அடுத்த உலகத்தில் சாமியே வேண்டாம் என்று முடிவெடுத்தோம்.

இது ஒன்றும் புதுசில்லை. இதே ஆட்டத்துக்காக 1991இல் வந்த டார்க் சன் உலகத்தில் தெய்வங்களே கிடையாது. அங்கே கிளெரிக்குகள் மண், நீர், நெருப்பு, காற்று ஆகியவற்றிடம் சக்தி வாங்குகிறார்கள். 2004இல் வந்த எபெரானில் தெய்வங்கள் நேரில் வருவதே இல்லை, நம்பிக்கைதான் வேலை செய்கிறது. ஆகவே விதிப்படி தடை எதுவும் இல்லை. சிக்கல் ஆடும்போதுதான் தெரிந்தது.

முதலில் சுலபமான வழியைப் பிடித்தேன். தெய்வத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ‘நீதி’ என்ற கொள்கையை வைத்தேன். நாலு மாதம் ஓடியது. எந்த ஸ்பெல்லும் (மந்திரமும்) மாறவில்லை, யாரும் குறை சொல்லவும் இல்லை. ஆனால் ஒரு செஷனில் கூட்டாளிகள் ஒரு கிழவரின் களஞ்சியத்தை உடைத்து நெல்லை அள்ளினார்கள். பூசாரியும் கூடவே நின்றாள். அடுத்த நிமிடம் அதே கையால், அதே நீதியின் பேரைச் சொல்லிக் காயம் ஆற்றினாள். அந்தப் பாத்திரத்தை ஆடுவது என் சித்தி மகள். ஆட்டம் முடிந்து பகடையைப் பைக்குள் போடும்போது சொன்னாள்: “அண்ணே, என்னை யாருமே ஒண்ணும் கேக்கிறதில்லையே. அப்புறம் நான் எதுக்குப் பூசாரி?”

மூன்று வருடத்தில் நான் கற்றதெல்லாம் அந்தக் கேள்விக்குள் இருக்கிறது. சாமியை எடுத்தால் சக்தி எங்கிருந்து வரும் என்றுதான் நாம் எல்லோரும் மண்டையைக் குடைந்துகொள்கிறோம். சக்திக்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். சாமியோடு சேர்ந்து காணாமல் போவது, பூசாரி பதில் சொல்ல வேண்டிய இடம். அது இல்லாவிட்டால் கிளெரிக் என்பவர் காயம் ஆற்றத் தெரிந்த இன்னொரு மந்திரவாதி, அவ்வளவுதான்.

அடுத்து டார்க் சன் வழியில் நீர்ப்பூசாரி. ஊருணியை நம்பி வாழ்ந்த ஊர்க்காரர்கள் நாங்கள், வளவில் (வீட்டு நடு முற்றத்தில்) விழும் மழையை அண்டாவில் பிடித்து வைத்த வீடுகள் இவை. அதனால் அந்தப் பூசாரி எல்லோருக்கும் பிடித்துப்போனாள். குடுவையில் ஊருணித் தண்ணீர் இருந்தால்தான் மந்திரம் என்று வைத்தோம். பார்க்க அழகாக இருந்தது. ஆனால் தண்ணீரும் கேள்வி கேட்காது. ஆறு மாதத்தில் விட்டுவிட்டேன்.

மூன்றாவது வழி ஆயா பேச்சிலிருந்து வந்தது. அந்தக் காலத்துக் கடைக் கணக்கில் வரவில் ஒரு பங்கை மகமை என்று தனியாக எடுத்து வைப்பார்கள், அது கோயிலுக்கும் தர்மத்துக்கும் போகும், கணக்கு எழுதுகிறவர் அதிலிருந்து ஒரு காசுகூடத் தன் இஷ்டத்துக்கு எடுக்க முடியாது என்று ஒரு நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கம் கோயில் கணக்கில் ஒரு கல்யாணமான தம்பதி ஒரு புள்ளி, அதாவது கணக்கில் ஒரு அலகு. பூசாரியின் மந்திரமும் இப்படி ஊரார் எடுத்து வைத்த மகமையாக இருந்தால் என்ன?

இப்படி அமைத்தேன். ஆட்டத்து ஊரில் 40 வீடு, 40 புள்ளி. வீட்டுக்கு ஒரு சோழி. ஒரு வீடு மனசார ஒரு சோழி கொடுத்தால் அது பித்தளைக் கிண்ணத்துக்குள் வரும். முதல் இரண்டு லெவல் ஸ்பெல்கள் பூசாரியின் கைப்பழக்கம், அவற்றுக்கு எதுவும் வேண்டாம். மூன்றாம் லெவலுக்கு ஒரு சோழி, நாலாவதற்கு இரண்டு, ஐந்தாவதற்கு மூன்று என்று ஏறும். ஒரு நாளைக்கு இத்தனை மந்திரம்தான் என்ற ஸ்லாட் வரம்பு வழக்கம்போல் உண்டு. செலவான சோழி அந்த வீட்டுக்குத் திரும்பும். மறுபடி வாங்க வேண்டுமானால் அந்த வீட்டுக்கு ஏதாவது செய்திருக்க வேண்டும். எந்த வீடு எப்போது கொடுத்தது என்று சித்தி மகள் ஒரு நாற்பது பக்க நோட்டில் பேரேடு எழுதுகிறாள். மந்திரம் போடும்போது சோழியை எடுத்து, அது எந்த வீட்டுடையது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இது மட்டும் கட்டாயம். அந்த வீட்டுப் பேர் காதில் விழும்போது மேசையில் எல்லோரும் ஒரு கணம் நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன்.

பேய்களையும் எழுந்து வரும் பிணங்களையும் விரட்டும் டர்ன் அன்டெட்தான் எனக்கு மிகவும் பிடித்த மாற்றம். சாமி இல்லாத உலகத்தில் பிணம் எதற்குப் பயப்படும்? செட்டிநாட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் விலாசம் உண்டு. முகவரி இல்லை, முன்னோர் பேர்களின் முதல் எழுத்துகள். பாத்திரத்தில்கூட அந்த எழுத்துகளை வெட்டியிருப்பார்கள். எழுந்து வரும் பிணத்தின் விலாசம் பூசாரிக்குத் தெரிந்திருந்தால், அதைச் சொல்லிக் கூப்பிடலாம். அப்போது அந்தப் பிணம் சேவிங் த்ரோவுக்கு, அதாவது மந்திரத்திலிருந்து தப்பிக்க, இரண்டு முறை உருட்டிக் குறைந்ததை எடுக்க வேண்டும். இதற்காகவே என் ஆட்டக்காரர்கள் பாழடைந்த வீட்டுக்குள் போனதும் புதையலைத் தேடாமல் பாத்திரங்களைத் திருப்பிப் பார்க்கிறார்கள்.

கம்யூன் மந்திரத்தில் தெய்வத்திடம் மூன்று கேள்வி கேட்டு ஆமாம், இல்லை என்று பதில் வாங்கலாம். இங்கே கேள்விகள் மூன்று வீடுகளுக்குப் போகும். அவர்களுக்குத் தெரிந்ததைத்தான் சொல்வார்கள், தப்பாகவும் இருக்கும். பூசாரி பத்தாம் லெவலை எட்டும்போது வரும் டிவைன் இன்டர்வென்ஷனுக்கு (தெய்வத்தையே நேரில் உதவிக்கு அழைப்பது) மூல விதிப்படி நூற்றுப் பகடையில் (1 முதல் 100 வரை) தன் லெவலோ அதற்குக் குறைவோ விழ வேண்டும். நாங்கள் லெவலுக்குப் பதிலாக, பூசாரி மேல் வருத்தம் இல்லாத வீடுகளின் எண்ணிக்கையை வைத்தோம். இதுவரை இரண்டு தடவைதான் கேட்டிருக்கிறாள். ஒரு தடவை கிடைத்தது.

இந்த அமைப்பின் முழு பலமும் போன வருடம் ஐப்பசி மழையில் தெரிந்தது. கூட்டாளிகளில் வேவு பார்க்கிறவன் இறந்துவிட்டான். இறந்தவரை எழுப்பும் ரெய்ஸ் டெட் ஐந்தாம் லெவல் மந்திரம், இறந்து பத்து நாளுக்குள் செய்ய வேண்டும். விதியில் 500 பொன் பெறுமான வைரம் கேட்பார்கள். அதை நான் எடுத்துவிட்டேன், மூன்று சோழி போதும். கிண்ணத்தில் இருந்தது இரண்டு. மீதி வீடுகள் ஏற்கெனவே கொடுத்துவிட்டன, அல்லது கோபத்தில் இருந்தன. கிட்டத்தில் இருந்தது ஒரே ஒரு பாட்டி வீடு. அந்தப் பாட்டியின் வைக்கோல் படப்பைக் கொளுத்தியதே செத்துக் கிடக்கிறவன்தான், ஏழு செஷனுக்கு முன்னால், ஒரு துரத்தலில். நாங்கள் எல்லோரும் மறந்துபோயிருந்தோம். பேரேட்டில் இருந்தது.

சித்தி மகள் பகடையைத் தொடவில்லை. பாட்டியாக நான் கேட்டேன்: “எம் படப்பு எரியிறப்ப இந்தப் பூசாரி எங்க இருந்தாக?” வளவில் மழை கொட்டுகிறது. அவள் கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். “அங்கதான் ஆத்தா நின்னேன். தடுக்கல” என்றாள். வசியப்படுத்தவோ பேரம் பேசவோ பார்க்கவில்லை. அறுப்பு வரைக்கும் பாட்டியின் மாட்டுக்குத் தீனி தன் பொறுப்பு என்று நோட்டில் எழுதி, எனக்குக் காட்டினாள். நான் சோழியை எடுத்துக் கிண்ணத்தில் போட்டேன். பித்தளையில் அது விழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. வேவுகாரனை ஆடுகிற நண்பர், கடவுள் நம்பிக்கை இல்லாதவர், கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

குறைகளும் உண்டு. ஆரம்பத்தில் ஸ்பெல்லின் லெவலுக்குச் சமமாகச் சோழி கேட்டேன். கிண்ணம் எப்போதும் காலி, பூசாரி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அதனால்தான் இரண்டைக் கழித்தேன். பக்கத்தில் விஸார்ட் (மந்திரவாதி) கேள்வியே இல்லாமல் ஃபயர்பால் என்ற நெருப்பு மந்திரம் போடும்போது இவளுக்கு மட்டும் கணக்கு என்பது நியாயமில்லை என்று அவள் சொன்னதும் சரிதான். இப்போது சோழி கொடுத்த வீட்டாருக்கு வைத்தியம் பார்த்தால் பகடை உருட்ட வேண்டாம், பகடையில் விழக்கூடிய அதிகபட்ச எண்ணே கிடைக்கும். பேரேடு எழுத ஒவ்வொரு செஷனிலும் பத்து நிமிடம் போகிறது. அதைக் குறைக்க எனக்கு வழி தெரியவில்லை. எழுதப் பிடிக்காதவர் பூசாரி ஆடினால் இந்த முறை தேறாது. ஊர் ஊராக அலையும் கேம்பெயினுக்கும் இது ஆகாது.

அலைச்சலுக்கு மட்டும் ஒரு மாற்று வைத்திருக்கிறேன். வெளியூர் போகும்போது வீட்டார் மஞ்சள் துணியில் ஒரு முடிச்சுப் போட்டுத் தரலாம். அது ஒரு தடவைக்கு மட்டும், அவிழ்த்தால் தீர்ந்தது. தை பிறந்ததும் கூட்டாளிகள் கடல் கடந்து வியாபாரத்துக்குப் போகிறார்கள், திரும்ப ஆட்டக் கணக்கில் மூன்று வருடம் ஆகும். பூசாரி இப்போது 11ஆம் லெவல். அடுத்த ஞாயிறு அவள் 40 வீட்டுக்கும் சொல்லிக்கொள்ளப் போக வேண்டும். பாட்டி வீட்டுக்குத்தான் முதலில் போவேன் என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறாள்.