ஓடும்போதே நின்றுபோகும் அம்பாசிடர்: நீண்ட நாள் உரிமையாளரின் அனுபவம்

ஆலங்குளத்தில் மார்க் 4 அம்பாசிடர் ஒன்று நல்ல விலைக்கு வருவதாகச் சொல்லி, "எடுக்கலாமாவே? நீரு இத்தன வருசமா வச்சிருக்கீருல்லா" என்று நண்பர் ஒருவர் சென்ற வாரம் தொலைபேசியில் கேட்டார். பல மாதங்களாக என்னை அலைக்கழித்த ஒரு பழுது நீங்கி, என்னுடைய 1984ஆம் ஆண்டு வண்டி வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்த நேரம் அது. ஒரே சொல்லில் அவருக்குப் பதில் சொல்ல என்னால் இயலவில்லை. 1489 சிசி பெட்ரோல் இன்ஜினையும் ஸ்டீயரிங் கியரையும் பற்றி அம்பாசிடர் வாங்க நினைப்பவருக்கு யாரும் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. சொல்ல வேண்டியது ஒன்றுதான்: நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வண்டி திடீரென்று ஆஃப் ஆவதும், பிறகு எதுவுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆவதும்.

முற்றிலும் கெட்டுப்போன வண்டியைச் சரிசெய்வது எளிது. எப்போதாவது மட்டும் நிற்கும் வண்டி, மெக்கானிக்கின் முன்னால் ஒரு குறையும் இல்லாமல் ஓடும். ஒர்க்ஷாப்பில் ஐடிலில் விட்டுப் பார்த்தால் இன்ஜின் சீராக ஓடிக்கொண்டே இருக்கும். அதை எடுத்துக்கொண்டு நாங்குநேரி சாலையில் சற்றுத் தூரம் போனால் வண்டி நிற்கும். ஆகவே இந்தப் பழுதைப் பிடிக்க விரும்புகிறவர், வண்டி எந்த நேரத்தில் எந்த விதத்தில் நின்றது, எவ்வளவு நேரம் கழித்து மறுபடி ஸ்டார்ட் ஆனது என்பதை முதலில் கவனிக்க வேண்டும். பெட்ரோல் வராமல் நிற்கும் இன்ஜின் திக்கித் திணறி, இழுவை குறைந்து, மெல்ல அடங்கும். கரண்ட் போய் நிற்கும் இன்ஜின் சாவியைத் திருப்பி அணைத்ததுபோல ஒரே கணத்தில் நிற்கும். என் வண்டியில் இந்த இரண்டு வகையும் மாறி மாறி வந்ததால்தான் ஒன்றைச் சரிசெய்தபோது மற்றொன்று அதை மறைத்துக்கொண்டிருந்தது.

முதல் வகைக்குத் திருநெல்வேலி குலவணிகர்புரம் ரயில்வே கேட்டில் சித்திரை மாதத்து மதிய வெயில் போதும். கேட் மூடியிருக்கும் நேரம் முழுவதும் இன்ஜினை ஓடவிட்டு நின்றால், கேட் திறந்து நாலு அடி நகர்ந்ததும் வண்டி திக்கும். இந்த இன்ஜினில், பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரும், புகையை வெளியேற்றும் சைலன்சர் மானிஃபோல்டும் ஒரே பக்கத்தில் இருக்கின்றன; வண்டி நகராமல் நிற்கும்போது மானிஃபோல்டின் சூடு அப்படியே மேலே கார்புரேட்டருக்கு ஏறுகிறது. இன்ஜினோடு ஒட்டியிருக்கும் பெட்ரோல் பம்பும் அதற்குப் போகும் குழாயும் சூடாகி, உள்ளே பெட்ரோல் ஆவியாகிவிட்டால், பம்ப் திரவத்தைத் தள்ளாமல் ஆவியை அமுக்கிக்கொண்டிருக்கும். "பம்புல பெட்ரோல் ஏறல அண்ணாச்சி" என்று சொல்லி ஒவ்வொரு மெக்கானிக்கும் பம்பைக் கழற்றுவார். கழற்றும் நேரத்தில் அது ஆறிவிடும், ஆறிய பம்ப் வேலை செய்யும். பானெட்டைத் திறந்துவிட்டு, ஈரத்துணியைப் பம்பின் மீதும் குழாயின் மீதும் போட்டுச் சற்று நேரம் காத்திருந்த பின் வண்டி ஸ்டார்ட் ஆனால், குற்றம் பம்பில் இல்லை, சூட்டில் இருக்கிறது.

2023 பிப்ரவரியில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வரத் தொடங்கிய பிறகு, இந்த வயதுடைய வண்டிகளுக்கு இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொண்டது. எத்தனால் பழைய ரப்பரை ஊறவைத்து மென்மையாக்குகிறது. டேங்கில் பல ஆண்டுகளாக ஒட்டிக்கிடந்த கசடையும் துருவையும் கிளப்பிவிடுகிறது. என் வண்டியின் பம்பில் டயாபிரம் என்னும் ரப்பர் சவ்வு உப்பிப்போயிருந்தது. ரப்பர் குழாயை விரலால் அழுத்தியபோது அதன் உட்புறம் மாவாக உதிர்ந்தது. எத்தனாலைத் தாங்கும் குழாய்களைப் போட்டு, கார்புரேட்டருக்கும் மானிஃபோல்டுக்கும் இடையில் சூட்டைத் தடுக்க ஒரு தகடு அடித்து வைத்து, பெட்ரோல் குழாயை மானிஃபோல்டிலிருந்து விலக்கிக் கட்டியதும் கேட்டில் திக்குவது நின்றது. டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைபட்டிருந்தாலும் இதே போலத்தான் மெல்ல நிற்கும். நின்றவுடன் மூடியைத் திறக்கும்போது காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டால் அதுதான் காரணம். மூடியைச் சுத்தம் செய்தால் முடிந்தது.

இரண்டாம் வகைதான் என் பொறுமையைச் சோதித்தது. பெருமாள்புரம் தாண்டி, சாலை நேராகி, ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது வண்டி பட்டென்று நிற்கும். கிளட்சை மிதித்து ஓரம் கட்டிச் சாவியைத் திருப்பினால், முதல் திருப்பிலேயே ஸ்டார்ட் ஆகும். பின்னால் லாரியோ பேருந்தோ வரும்போது இப்படி நடந்தால் என்ன ஆகும் என்பதை இந்த நாற்கர நெடுஞ்சாலையில் ஓட்டுகிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நான் வண்டியை விட்டிருந்த ஒர்க்ஷாப்பில் பேட்டரி கரண்டைத் தீப்பொறிக்கு வேண்டிய அளவு உயர்த்தும் காயிலை மாற்றினார்கள், பிறகு அந்தக் காயிலின் கரண்டை விட்டுவிட்டுத் துண்டிக்கும் சி.பி. பாயின்டை மாற்றினார்கள், பாயின்ட் கருகாமல் காக்கும் கண்டென்சரை மாற்றினார்கள், கடைசியில் கார்புரேட்டரையும் பிரித்தார்கள். ஒவ்வொரு முறையும் பில் வந்தது, பழுது போகவில்லை. அங்கே வேலை செய்யும் பிள்ளைகளை நான் குறை சொல்லமாட்டேன். ஸ்கேனரை மாட்டினால் கோளாறின் எண்ணைக் காட்டும் வண்டிகளில் தொழில் படித்தவர்களுக்கு, பாயின்ட் இடைவெளியை ஃபீலர் கேஜ் என்ற அளவுத் தகட்டை வைத்து 0.38 மில்லிமீட்டருக்குச் சரிசெய்யும் பழக்கம் எங்கிருந்து வரும்? ஆனால் கழற்றிய பழைய உதிரிபாகம் நன்றாக இருக்கிறதா என்று சோதிக்காமலேயே புதியதை மாட்டிப் பணம் வாங்குவதை எந்தக் காலத்துத் தொழில் தர்மமும் ஒப்புக்கொள்ளாது. என் கோபம் அதன் மீதுதான்.

புதிய உதிரிபாகங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உத்தரபாராவில் 2014இல் அம்பாசிடர் உற்பத்தி நின்ற பிறகு, கடைகளில் கிடைக்கும் உதிரிகளில் எது நல்லது, எது போலி என்பதை அட்டைப்பெட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது. வண்டியில் முதலிலிருந்தே இருந்த கண்டென்சர் பல ஆண்டுகள் உழைத்தது. புதிதாக வாங்கிப் போட்டது சூடு ஏறியதும் வேலை செய்வதை நிறுத்தியது. கண்டென்சர் கெட்டால் பாயின்டுக்கு இடையில் நீலப் பொறி பெரிதாகத் தெறிக்கும், பாயின்ட் முகம் கருகும், இன்ஜின் மிஸ் அடிக்கும். கெட்டுப்போகாத ஒன்றைக் கழற்றிவிட்டுக் கெட்டுப்போகப்போகும் ஒன்றை மாட்டிய பிறகு, பழுது ஒன்றாக இருந்த வண்டியில் இரண்டாகிவிட்டது. ஆகவே பழைய கண்டென்சரையும் காயிலையும் ஒர்க்ஷாப்பிலிருந்து கேட்டு வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வழி காட்டியது ஒரு சிறிய பல்புதான். காயிலுக்குக் கரண்ட் வரும் முனையிலிருந்து ஒரு வயரை டேஷ்போர்டுக்கு இழுத்து, அதில் 12 வோல்ட் பல்பு ஒன்றை மாட்டி, மறுமுனையை வண்டியின் பாடியில் எர்த் செய்தேன். வண்டி நிற்கும்போது பல்பு அணைந்தால் இக்னிஷன் சுவிட்சோ அதன் வயரோ குற்றவாளி. எரிந்துகொண்டே இருந்தால் காயில் வரை கரண்ட் ஒழுங்காக வருகிறது, பழுது அதற்கு அப்பால் இருக்கிறது. மூன்றடைப்பு ஊருக்கு முன்னால் வண்டி நின்றபோது பல்பு ஒரு நொடி கூட மங்காமல் எரிந்துகொண்டிருந்தது. பேட்டரியையும் சுவிட்சையும் ஃபியூசையும் அன்றோடு விசாரணையிலிருந்து விடுவித்துவிட்டேன்.

இதைக் கொண்டுபோய் மேலப்பாளையத்தில், தொழிலை ஏறக்குறைய விட்டுவிட்ட ஒரு முதிய மெக்கானிக்கிடம் சொன்னேன். அவர் எந்த ஸ்பேனரையும் எடுக்கவில்லை. இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, தீப்பொறிக் கரண்டைச் சிலிண்டர்களுக்குப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குக் கார்புரேட்டரிலிருந்து உறிஞ்சலைக் கொண்டுவரும் மெல்லிய வேக்குவம் குழாயைக் கார்புரேட்டர் பக்கத்தில் உருவி, அதன் முனையைத் துடைத்து வாயில் வைத்து உறிஞ்சினார். இன்ஜின் அந்தக் கணமே நின்றது. குழாயை விட்டுவிட்டு "இப்ப அடிங்க அண்ணாச்சி" என்றார். ஒரே திருப்பில் ஓடியது. மறுபடி உறிஞ்சினார், மறுபடி நின்றது. இவ்வளவு காலம் சாலையில் மட்டுமே நடந்த பழுதை அவர் நிற்கும் வண்டியில் விரும்பியபோதெல்லாம் வரவழைத்துக் காட்டினார்.

விளக்கம் இதுதான். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயின்ட் உட்கார்ந்திருக்கும் தட்டு அசையக்கூடியது. வேக்குவம் ஏறும்போது அந்தத் தட்டு சற்றே திரும்பி டைமிங்கை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தை, முன்னே தள்ளும். ஐடிலில் அந்தக் குழாயில் உறிஞ்சல் ஏறக்குறைய இருக்காது. ஆக்சிலேட்டரை அளவாக மிதித்து ஒரே சீராக ஓட்டும்போதுதான் அது நன்றாக ஏறும். வெளியிலிருந்து பாயின்டுக்குக் கரண்ட் கொண்டுவரும் ஒரு விரல் நீள வயர், தட்டு திரும்பும்போதெல்லாம் கூடவே வளைந்து கொடுக்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி அந்த வயரை வெளிச்சத்தில் பார்த்தால் மேலுறையில் ஒரு கீறலும் இல்லை. இரண்டு முனையையும் பிடித்து மெல்ல இழுத்தபோது, நடுவில் ஓர் இடம் மட்டும் ரப்பர்போல நீண்டது. உறையை அறுத்துப் பார்த்தால் உள்ளே மயிரிழை போன்ற செம்புக் கம்பிகள் அத்தனையும் அறுந்து, நுனிகள் பச்சை பூத்து, ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு மட்டும் இருந்தன. தட்டு திரும்பினால் விலகும், இன்ஜின் நிற்கும். இன்ஜின் நின்றதும் வேக்குவம் போய்த் தட்டு பழைய இடத்துக்கு வரும், நுனிகள் தொடும், வண்டி ஸ்டார்ட் ஆகும். மாற்றப்பட்ட எந்த உதிரிபாகமும் இந்த வயரைத் தொடவே இல்லை.

அந்த இடத்துக்கு வீட்டு வயரிங்கில் மிஞ்சிய துண்டைப் போடக் கூடாது. அது விறைப்பாக இருந்து தட்டைத் திரும்பவிடாமல் பிடிக்கும், சில நாளில் தானும் அறும். நுண்ணிய பல இழைகள் கொண்ட மென்மையான வயரை, சற்றுத் தொய்வு விட்டு, மூடியிலும் சுழலும் பாகத்திலும் உரசாதபடி சாலிடர் வைத்து மாட்ட வேண்டும். தட்டை எர்த் செய்யும் குட்டி வயரையும் அதே நேரத்தில் மாற்றிவிட வேண்டும். அதுவும் இதே வேலையைத்தான் செய்கிறது, இதே மாதிரிதான் அறும். வழியில் இந்தப் பழுது வந்தால், வேக்குவம் குழாயைக் கழற்றிக் கார்புரேட்டர் பக்கத்துத் துளையை அடைத்துவிட்டு வீடு வரை ஓட்டிவரலாம். பெட்ரோல் சற்று அதிகம் குடிக்கும், அவ்வளவுதான்.

ஸ்டார்ட்டிங் தொல்லை தனிக் கதை. காலையில் சுறுசுறுப்பாகச் சுற்றும் செல்ஃப் மோட்டார், சூடான இன்ஜினில் சோர்ந்து சுற்றினால், பேட்டரியை மாற்றுவதற்கு முன் இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டையைப் பாருங்கள். இன்ஜின் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருப்பதால் செல்ஃபின் கரண்ட் முழுவதும் அந்தப் பட்டை வழியாகத்தான் திரும்ப வேண்டும். என் வண்டியில் செல்ஃப் அடித்தபோது, குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ய இழுக்கும் சோக் கேபிள் சூடானது. பட்டை துருப்பிடித்ததால் கரண்ட் கேபிள் வழியாகப் போயிருக்கிறது. துருவைச் சுரண்டிப் புதுப் பட்டை போட்டதோடு அந்தத் தொல்லை தீர்ந்தது.

இப்போது வண்டி அருமையாக ஓடுகிறது. சாரல் தொடங்கியதும் குற்றாலத்துக்குக் குடும்பத்தோடு போய்வந்தோம். ஆரல்வாய்மொழிக் காற்றில் புதிய சிறிய கார்கள் தடம் விலகும் இடத்தில் இது அசையாமல் போகிறது. பின்னிருக்கையில் அம்மா காலை நீட்டி உட்கார்ந்து வருகிறார். பழுதின் காரணத்தைக் கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, ஒரு துண்டு வயரால் தீர்க்க முடிகிற கார் இன்றைக்கு வேறு எது இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. இருந்தும் நண்பருக்கு என் பதில், வாங்க வேண்டாம் என்பதுதான். அந்த முதியவர் போன்றவர்கள் தொழிலை விட்டுக்கொண்டிருக்கிறார்கள், நல்ல கண்டென்சர் கிடைப்பதில்லை, நெடுஞ்சாலையில் திடீரென்று நிற்கும் வண்டி உயிருக்கே ஆபத்து.

அவர் கேட்கமாட்டார் என்பதும் எனக்குத் தெரியும். அப்படியானால் ஆலங்குளத்துக்காரர் காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து காட்டுவதை ஏற்றுக்கொள்ள வேண்டாம். பாவூர்சத்திரம் வரை ஓட்டிப் போய், இன்ஜின் சூடாக இருக்கும்போதே அணைத்து, கால் மணி நேரம் வெயிலில் நிறுத்தி, பிறகு சோக் இழுக்காமல் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். ஸ்டார்ட் ஆனால் ஐடிலில் விட்டு வேக்குவம் குழாயை உறிஞ்சிப் பாருங்கள். இன்ஜின் சத்தம் சற்று ஏறினால் விலை பேசலாம். நின்றுபோனால் அந்த வயருக்கும் உழைப்புக்கும் உரியதைக் குறைத்துவிட்டுப் பேசுங்கள்.