மீன்தொட்டிக்கு ஈ.பி. பில் பாதியாகும் என்று யாராவது வந்தால், காரைக்குடிப் பக்கத்துக்காரர்கள் கவனம்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் மீனும் பவளமும் வளர்க்கப் பெரிய கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பதிவு. "தொட்டிக்கு வர்ற பில்லைப் பாதியாக்கித் தர்றோம்" என்று ஒரு பேக்கேஜ் விற்கிறார்கள். காரைக்குடியில் ஒரு வீட்டில் மாட்டிவிட்டுப் போனதைப் பிரித்துப் பார்த்து எழுதியது இது. கடைப் பெயர் வேண்டாம். இதே வேலையை நாளைக்கு வேறு பெயரில் வேறு ஆள் செய்வான்; செய்யும் விதம் தெரிந்திருந்தால் போதும்.

தொட்டி 7 அடி. சம்ப்போடு (அடியில் இருக்கும் வடிகட்டித் தொட்டி) சேர்த்து 1100 லிட்டர். 250 வாட் மெட்டல் ஹேலைடு விளக்கு மூன்று, பேலஸ்ட் (சோக்) இழப்போடு 840 வாட், தினம் 8 மணி நேரம். சம்ப்பிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்ப் 120 வாட். கழிவை நுரையாக்கி எடுக்கும் ஸ்கிம்மரும் அலை எழுப்பும் வேவ்மேக்கர்களும் சேர்ந்து 90 வாட். தண்ணீரைக் குளிர்விக்கும் அரை எச்.பி. சில்லர் 450 வாட், கோடையில் சராசரி 12 மணி நேரம். இரண்டு மாதத்துக்குக் கூட்டினால் தொட்டி மட்டுமே 1000 யூனிட்டைத் தொடும். 500-ஐத் தாண்டினாலே 101-லிருந்து 200 வரைக்கான சலுகை விலை போய்விடும். 1000-க்கு மேல் யூனிட் 11 ரூபாய்க்கும் அதிகம். ஆகவே யார் "குறைக்கிறேன்" என்று வந்தாலும் காது கொடுக்கத்தான் தோன்றும்.

முதலில் விற்றது ஒரு பவர் சேவர் பெட்டி. வந்த ஆள் மெயினில் கிளாம்ப் மீட்டரை மாட்டினான். விளக்கை அணைத்துவிட்டு சில்லர், பம்ப் மட்டும் ஓடவிட்டான். 3.6 ஆம்ப்ஸ். பெட்டியைச் சொருகினான், 2.9 ஆனது. "பாருங்க ஆச்சி, உங்க கண்ணு முன்னாடியே 20 சதவீதம் கொறஞ்சிருச்சு." ஆம்ப்ஸ் குறைந்தது நிஜம்தான், அதில் பொய் இல்லை. ஆனால் வீட்டு மீட்டர் ஆம்ப்ஸை எண்ணுவதில்லை, யூனிட்டை எண்ணுகிறது. பெட்டிக்குள் இருப்பது ஒரு கப்பாசிட்டர், பச்சை விளக்கு ஒன்று, அதை எரியவைக்கச் சில பாகங்கள். மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தில் ஒரு பங்கு வேலை செய்யாமல் போய்த் திரும்பும்; கப்பாசிட்டர் அதைப் பக்கத்திலேயே ஈடுகட்டிவிடும். பவர் ஃபேக்டர், அதாவது மின்னோட்டத்தில் உண்மையில் வேலை செய்யும் பங்கு, 0.75-லிருந்து ஏறும், ஆம்ப்ஸ் இறங்கும். வாட் மட்டும் பெட்டிக்கு முன்னும் 620, பின்னும் 620. பவர் ஃபேக்டருக்குத் தனியாகக் கணக்குப் பார்ப்பது பெரிய தொழிற்சாலை இணைப்புகளுக்கு. வீட்டு பில்லில் அது கிடையாது.

இதைச் சோதிக்கக் கருவிகூட வேண்டாம். ஈ.பி. மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை மின்னல் என்று அச்சிட்டிருக்கும். 3200 என்று இருந்தால், ஒரு நிமிடத்தில் எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணி 18.75-ஆல் பெருக்குங்கள், அதுதான் வாட். 620 வாட்டுக்கு 33 முறை மின்னும். வீட்டில் மற்றதையெல்லாம் அணைத்துவிட்டு, பெட்டியோடு ஒரு நிமிடம், பெட்டி இல்லாமல் ஒரு நிமிடம் எண்ணுங்கள். இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கும். பெரிய வீடுகளில் மூன்று பேஸ் மீட்டராக இருந்தால் அந்த எண் மாறும், 36 லட்சத்தை அந்த எண்ணால் வகுத்து, 10 மின்னலுக்கு ஆகும் நொடியைக் கொண்டு கணக்குப் போடலாம்: வகுத்து வந்ததை 10-ஆல் பெருக்கி, நொடியால் வகுக்க வேண்டும்.

பேக்கேஜில் யோசனையாவது சரியாக இருந்தது எல்.ஈ.டி. மட்டும்தான். பொருள்தான் கோளாறு. அட்டையில் "300 வாட்". பிளக்கில் அளந்தால் 130. 300 என்பது உள்ளே இருக்கும் சிப்புகளின் உச்ச அளவைக் கூட்டிப் போட்ட எண். சிப்புகளுக்கு மின்சாரம் கொடுக்கும் டிரைவர் சர்க்யூட் அவ்வளவு கொடுக்காது. மூன்று சேர்ந்து 390 வாட், பில்லும் குறைந்தது. ஆனால் வெளிச்சமும் குறைந்தது. கடின வகைப் பவளங்கள் முதலில் பழுப்பாகும், பிறகு அடியிலிருந்து சதை உரிந்து வெள்ளை எலும்பு தெரியும். அதைப் பார்த்ததும் "டிம்மரை ஃபுல்லா வைங்க" என்பார்கள். அதுவும் தப்பு. நல்ல எல்.ஈ.டி.யாக இருந்தால் முதல் நாளே முழு அளவில் வைத்தால் வெளுத்துப்போகும். 30, 40 சதவீதத்தில் ஆரம்பித்து வாராவாரம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். வாட்டைக் கேட்காதீர்கள், பி.ஏ.ஆர். (பவளத்துக்குப் பயன்படும் வெளிச்சம்) அளவைக் கேளுங்கள்: கடின வகை உட்காரும் பாறை உச்சியில் 200 முதல் 300, மென்வகைகளுக்கு 50 முதல் 100 போதும். உங்கள் தொட்டியில், உங்கள் தண்ணீர் ஆழத்தில் அளந்து காட்டாதவனிடம் வாங்க வேண்டாம்.

அதிக நஷ்டம் சில்லரில். பழைய அரை எச்.பி. சில்லரை "எக்ஸ்சேஞ்ச்" என்று ரசீதில்லாமல் தூக்கிப்போய்விட்டு, கால் எச்.பி. ஒன்றை வைத்தார்கள். சின்னது, ஆகவே கரண்ட் கம்மி என்று சொல்லிவிட்டார்கள். தண்ணீருக்குள் போகும் வெப்பம் சில்லரின் அளவைப் பார்த்துக் குறைவதில்லை. 1000 லிட்டர் தண்ணீரில் 1 டிகிரியை இறக்க 1.16 யூனிட் அளவு வெப்பத்தை வெளியே எடுத்தாக வேண்டும், எந்தச் சில்லராக இருந்தாலும். பழையது 450 வாட்டில் 12 மணி நேரம் ஓடி 5.4 யூனிட் எடுத்தது. புதியது 280 வாட்டில் 24 மணி நேரமும் ஓடி 6.7 யூனிட் எடுத்தது, அப்படியும் சித்திரை வெயிலில் தண்ணீர் 29 டிகிரிக்குக் கீழே வரவில்லை. போதாக்குறைக்கு அதைத் தொட்டிக்கு அடியில் தேக்கு அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தியிருந்தார்கள், பார்வைக்கு நன்றாக இருக்குமாம். தான் ஊதிய சூட்டையே அது திரும்ப இழுத்துக்கொண்டிருந்தது.

நம் பக்கத்து வீட்டு அமைப்பு சில்லருக்கு ஒரு வரம். கனத்த சுவரும் உயர்ந்த கூரையும் உள்ள அறையில் தொட்டி, சில்லர் மட்டும் ரெண்டாங்கட்டுத் தாழ்வாரத்தில் நிழலில், சூடான காற்று திறந்த வாசல் பக்கம் போகும்படி. இரண்டு பக்கமும் ஓரடி இடைவெளி விடுங்கள். தண்ணீர்க் குழாய்க்குக் கருப்பு ரப்பர் ஃபோம் சுற்றுங்கள். கண்டென்சர் இறக்கைகளில் தூசி படிந்தால் ஓட்ட நேரம் ஏறும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பிரஷ் போட்டால் போதும். 24 டிகிரி வைத்தே ஆக வேண்டும் என்பதில்லை, 26, 26.5 பவளங்களுக்குச் சரி. ஹீட்டர் பிளக்கில் கிடந்தால் பிடுங்கிவிடுங்கள். அந்த வீட்டில் ஹீட்டர் 26-இல், சில்லர் 25-இல். ஒன்று சூடாக்க, ஒன்று ஆற்ற, இரண்டும் ஈ.பி.க்கு உழைத்தன.

பழைய ஜன்னல் ஏசியைப் பிரித்து அதன் காயிலைச் சம்ப்பில் இறக்கி "மலிவு சில்லர்" செய்து தருகிறவர்களும் உண்டு. அது செம்புக் காயில். செம்பு கடல்நீரில் கரையும். மீன் தாங்கினாலும் இறாலும் நத்தையும் பவளமும் தாங்காது. பாறையிலும் மணலிலும் ஏறிவிட்டால் பிறகு எடுப்பது பெரும்பாடு. அரிமானத்தை ஆராயும் சிக்ரி ஆய்வகம் இருக்கிற ஊரிலேயே இதை விற்கிறார்கள்! டைட்டானியம் என்று ரசீதில் எழுதி வாங்காமல் தண்ணீரில் எதையும் இறக்கவிடாதீர்கள்.

வறண்ட மாதங்களில் சில்லரின் பாதி வேலையை ஃபேன் செய்யும். 1 லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது ஏறக்குறைய 0.67 யூனிட் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். 20 வாட் ஃபேன் இரண்டை நீர்மட்டத்தில் சாய்த்து வீசவிட்டு, நாளைக்கு 8 லிட்டர் ஆவியானால் 5 யூனிட்டுக்கு மேல் வெப்பம் போகிறது, செலவு 1 யூனிட்டுக்குள். ஆவியானதற்கு ஈடாக ஆர்.ஓ.வும் டி.ஐ.யும் (மிச்ச அயனிகளை நீக்கும் வடிகட்டி) தாண்டி டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்பின் அளவு) 0 காட்டும் நன்னீரைத் தானியங்கி டாப்-அப்பில் விட வேண்டும். இல்லையென்றால் உப்பு ஆயிரத்துக்கு 35-ஐத் தாண்டி ஏறும். போர்வெல் தண்ணீரை அப்படியே விட்டால் பாசிதான் வளரும். ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் ஃபேன் பெரிதாக எடுபடாது, அப்போது சில்லரை நம்புங்கள்.

ரிட்டர்ன் பம்ப்புக்குப் பதில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய டி.சி. பம்ப் மாற்றியதில் மோசடி என்று சொல்ல முடியாது, அரைகுறை வேலை. முழு வேகத்தில் ஓடும் டி.சி. பம்ப் பெரிதாக எதையும் மிச்சப்படுத்தாது. மிச்சம் வேகத்தைக் குறைப்பதில். 70 சதவீத வேகத்தில் வாட் மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கம் வரும். ஆனால் தூக்கும் உயரமும் பாதியாகும், 4 மீட்டர் பம்ப் 2 மீட்டர்தான் தூக்கும். பாதி வேகத்தில் 1 மீட்டர், 1.4 மீட்டர் மேலே இருக்கும் தொட்டிக்குத் தண்ணீரே ஏறாது. 1100 லிட்டருக்கு மணிக்கு 3500 முதல் 5500 லிட்டர் சம்ப் ஓட்டம் போதும், மிச்ச அலையை வேவ்மேக்கர் பார்த்துக்கொள்ளும். ஓயாமல் ஓடும் ஒவ்வொரு 100 வாட்டும் ஒரு பில்லுக்கு 144 யூனிட், உச்ச விலையில் 1,500 ரூபாய்க்கு மேல்.

யாரிடம் வாங்கினாலும் கொட்டேஷனில் ஆம்ப்ஸ், சதவீதம் வேண்டாம். பிளக் வகை எனர்ஜி மீட்டரில் ஒவ்வொரு கருவியும் 24 மணி நேரத்தில் எத்தனை யூனிட் என்று, மாற்றுவதற்கு முன்னும் பின்னும் எழுதச் சொல்லுங்கள். எடுத்துப்போகும் பழைய பொருளுக்கும் சீரியல் எண்ணோடு ரசீது. ஏமாந்தவர்கள் கொட்டேஷன், பணம் அனுப்பிய விவரம், அளவெடுத்த வீடியோ மூன்றையும் வைத்து 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் மனுப் போடலாம், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே. நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை.

பெட்டியை "மீட்டருக்கு உள்ளேயே" மாட்டித் தருகிறேன் என்று சீலில் கை வைக்க வந்தால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். 2003 மின்சாரச் சட்டம் 135-ஆம் பிரிவில் அது மின்திருட்டு, வழக்கு வருவது இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவர் மேல்.