மேட்ரிக்ஸ் விடைகளை கேஷ் செய்ய எது சரி: எல்ஆர்யு கேஷா, சொந்த கிளாஸா, ஜாப்லிபா?

பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் எங்கள் டீமில் பாதிப் பேர் தமிழ்தான். மதியச் சாப்பாட்டில் புதிதாகச் சேர்ந்த தம்பி கேட்டான்: "அண்ணா, மேட்ரிக்ஸ் இன்வர்ஸை ஒவ்வொரு தடவையும் முதல்லேர்ந்து போடுது, ஃபங்ஷன் மேல எல்ஆர்யு கேஷ் போட்டா போதும்ல?"

போதாது. எல்ஆர்யு கேஷ் என்பது, ஃபங்ஷன் ஒருமுறை கணக்கிட்ட விடையைச் சேமித்து வைத்து, அதே உள்ளீடு மறுபடி வந்தால் திருப்பித் தரும் பைத்தான் வசதி. எண்ணோ சரமோ வாங்கும் ஃபங்ஷனுக்கு அது அருமை, ஒரே வரி வேலை. நம்பை (பைத்தானின் எண்கணித நூலகம்) அரேயை ஹாஷ் செய்ய, அதாவது விடையைத் தேடும் சாவியாகப் பயன்படும் அடையாள எண்ணாக மாற்ற, முடியாது என்பதால் நேரே கொடுத்தால் டைப் எரர்தான் வரும். சரி, பைட்ஸாக மாற்றிச் சாவியாகக் கொடுக்கிறோம் என்றால், 5000-க்கு 5000 மேட்ரிக்ஸ், டபுள் எண்கள், சாவி மட்டுமே 200 எம்பி, விடை இன்னொரு 200 எம்பி, அளவு எதுவும் குறிப்பிடாவிட்டால் 128 விடைகள் வரை பிடித்து வைத்திருக்கும், அதாவது 51 ஜிபிக்கு மேல். அது போக, ஒவ்வொரு முறையும் அதே அரேயைத்தான் திருப்பித் தரும். வாங்கியவர் அதில் ஒரு எண்ணை மாற்றினால் கேஷில் இருப்பதும் கெட்டுவிடும், எரர்கூட வராது.

என் ஓட்டு சொந்த கிளாஸுக்கு. மேட்ரிக்ஸும் விடையும் ஒரே ஆப்ஜெக்ட்டுக்குள் இருக்கும், புது மேட்ரிக்ஸ் வைத்தால் பழைய விடை அழியும். ஆர் மொழியில் இதையே குளோஷரில் (தன் மாறிகளை உள்ளேயே வைத்துக்கொள்ளும் ஃபங்ஷன்) செய்வார்கள். உள்ளே வைப்பதை காப்பி எடுத்து, எழுத முடியாதபடி பூட்டிவிடுங்கள், இல்லையென்றால் யாராவது ஒரு கட்டத்தை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய விடையையே வாங்கிப் போவார்கள். முக்கியமாக, சமன்பாடு தீர்ப்பதுதான் வேலை என்றால் இன்வர்ஸைச் சேமிக்க வேண்டாம், எல்யு காரணிகளை, அதாவது மேட்ரிக்ஸைப் பிரித்துக் கிடைக்கும் கீழ், மேல் முக்கோண மேட்ரிக்ஸ்களை, சேமியுங்கள். n-க்கு n மேட்ரிக்ஸின் இன்வர்ஸுக்குச் சுமார் 2n³ செயல்கள், எல்யு பிரிப்புக்கு அதில் மூன்றில் ஒரு பங்குதான். அப்புறம் ஒவ்வொரு வலப்பக்க வெக்டருக்கும் 2n² போதும், துல்லியமும் பொதுவாகக் கூடுதல். சைப்பை என்ற பைத்தான் நூலகத்தில் பிரிப்பதற்கும் தீர்ப்பதற்கும் ஃபங்ஷன் தயாராக இருக்கிறது.

புரோகிராமை மூடித் திறந்தாலும் விடை வேண்டுமா? அப்போது ஜாப்லிப் என்ற பைத்தான் நூலகம். அரேயின் உள்ளடக்கத்தையே ஹாஷ் செய்து டிஸ்க்கில் வைக்கும். ஒவ்வொரு அழைப்பிலும் முழு மேட்ரிக்ஸையும் படித்தாக வேண்டும் என்பதால் சின்னக் கணக்குகளுக்கு நஷ்டம், மணிக்கணக்கில் ஓடுபவற்றுக்கு வரம். ஃபங்ஷனின் நிரலை மாற்றினால் தானே மறுபடி கணக்கிடும், ஆனால் அந்த ஃபங்ஷன் அழைக்கும் வேறொரு ஃபங்ஷனை நீங்கள் திருத்தினால் ஜாப்லிபுக்குத் தெரியாது, கேஷை நீங்களேதான் அழிக்க வேண்டும்.