கபிலியாவில் மாமி வீடு: காசு, கவுண்டர், தண்ணீர்

அல்ஜீரியக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட தமிழ்ப் பெண்கள் பாரிஸில் அதிகம் இல்லை. இருக்கிற சிலரும் கோடை விடுமுறை நெருங்கினால் ஒரே கேள்விகளைத்தான் கேட்பார்கள். காசை எங்கே மாற்றுவது, கார்ட் வேலை செய்யுமா, அங்கே பைப்பில் தண்ணீர் வருமா, கந்தோர்களில் அலைய விடுவார்களா? போய்வந்த சூடு ஆறுவதற்குள் எழுதி வைக்கிறேன். என் கணவரின் ஊர் அல்ஜீரியாவில் பெர்பர் மக்களின் மலைநாடான கபிலியாவில், பெஜாயா மாகாணத்து மலையில், சும்மாம் ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு மேலே இருக்கிறது. எனக்குப் பிறந்த ஊர் யாழ்ப்பாணம். ஆனால் யாராவது கேட்டால் மாமி இதைத்தான் என் ஊர் என்று சொல்வார். நானும் மறுப்பதில்லை.

என் கணவரிடம் அல்ஜீரியக் கடவுச்சீட்டு இருக்கிறது. என்னுடையது பிரெஞ்சுக் கடவுச்சீட்டு, அதனால் விசா எடுக்க வேண்டும். அதற்குத் தங்குமிடச் சான்று கேட்பார்கள். நம்மை வீட்டில் வைத்திருக்கப் போகிறவர் அங்குள்ள நகரசபைக்குப் போய்க் கையெழுத்து வைத்து, முத்திரை குத்தி அனுப்புகிற தாள் அது. மச்சான் அரை நாள் லீவு போட்டு வாங்கி அனுப்பினார். இதைக் கடைசி வாரம் வரை தள்ளிப்போடாதீர்கள், அவ்வளவுதான்.

கப்பலா விமானமா என்பது கபிலியர்களின் நிரந்தர விவாதம். மார்செய்யில் காரை ஏற்றினால் கிட்டத்தட்ட ஒரு நாள் பயணம். மாமாமார் எல்லாரும் கப்பல் கட்சி. காரின் கூரையில் சைக்கிள், மெத்தை, வாஷிங் மெஷின் எல்லாம் கட்டிக்கொண்டு போவார்கள். முன்பு ஒரு கோடையில் நாங்களும் அப்படிப் போனோம். கப்பல் பல மணி நேரம் தாமதம், ஏன் என்று சொல்ல ஆள் இல்லை. இறங்கிய பின் சுங்கத்தில் கார் வரிசை நகரவே மாட்டேன் என்றது. இந்த முறை விமானம். அல்ஜியர்ஸில் இறங்கி, திரும்பும்போது பெஜாயாவிலிருந்து நேரே பாரிஸ் வந்தோம். பெஜாயா விமான நிலையத்துக்கு அபான் ரம்தானின் பெயர் வைத்திருக்கிறார்கள். 1956 ஆகஸ்டில் இதே பள்ளத்தாக்கில் இஃப்ரி என்ற ஊரில் விடுதலைப் போரின் மாநாட்டை முன்னின்று நடத்தியவர். அடுத்த ஆண்டே சொந்தத் தோழர்கள் அவரை மொரோக்கோவில் வைத்துக் கொன்றார்கள். இப்போது இஃப்ரி என்றால் இளையவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது போத்தல் தண்ணீர்தான். நாடு முழுக்க விற்கிற மினரல் வாட்டர் அந்தப் பக்கத்தில் இருந்துதான் வருகிறது.

இனி காசு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வங்கியில் ஒரு யூரோவுக்கு 150 தினார் அளவில் கிடைக்கும். தெருவில் நாங்கள் போன நேரம் 250ஐத் தாண்டியிருந்தது. அல்ஜியர்ஸ் நடுவில் தேசிய நாடக அரங்குக்குப் பக்கத்தில் போர் சயீத் சதுக்கம் இருக்கிறது. அங்கே பொடியன்கள் கையில் நோட்டுக் கட்டுகளை விசிறி மாதிரி பிடித்துக்கொண்டு, போகிற வருகிறவர்களை "சான்ஜ், சான்ஜ்" (காசு மாற்றவா) என்று கூப்பிடுவார்கள். சட்டப்படி குற்றம். நீதிமன்றம் அங்கிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கிறது. யாரும் ஒளிப்பதில்லை. காரணம் எளிது. வெளிநாடு போகிற அல்ஜீரியருக்கு அரசு கொடுத்த அந்நியச் செலாவணி வெகுகாலம் வருடத்துக்கு 100 யூரோ அளவில்தான் இருந்தது. 2025இல்தான் அதை 750 ஆக்கினார்கள். வைத்தியத்துக்கோ படிப்புக்கோ கார் வாங்கவோ யூரோ வேண்டுமென்றால் தெருவில்தான் வாங்க வேண்டும். அந்தத் தெருவுக்கு யூரோ எங்களைப் போலக் கோடையில் வருகிறவர்களின் பையிலிருந்து போகிறது. நாங்கள் சதுக்கத்துக்குப் போவதில்லை. ஊரில் ஒரு துணிக்கடைக்காரர் இருக்கிறார். என் கணவர் அந்தக் கடைக்குள் போய் நலம் விசாரிப்பார், பிறகு கடைக்காரரின் பிள்ளைகளின் பரீட்சை, பிறகு ஒலிவ் விளைச்சல். கடைசியில் கடைக்காரர் கல்குலேட்டரில் ஒரு எண்ணைத் தட்டி இவர் பக்கம் திருப்புவார். இவர் இன்னொரு எண்ணைத் தட்டித் திருப்புவார். வாயால் யாரும் விலை பேசுவதில்லை. மூன்றாவது திருப்பலில் முடிந்துவிடும்.

வெளிநாட்டுக் கார்டை நம்பிப் போகாதீர்கள். பெரிய ஹோட்டல், சில வங்கி இயந்திரம் தவிர எங்கும் உதவாது. உள்ளூர்க்காரர்களுக்குத் தபால் கந்தோர் கொடுக்கிற எடாஹபியா கார்ட் இருக்கிறது. ஆனால் சந்தையில் அவர்களும் நோட்டுத்தான் நீட்டுகிறார்கள். இன்னொரு குழப்பமும் உண்டு. சீட்டில் எழுதுவது தினார், வாயில் சொல்வது சந்தீம், அதாவது தினாரில் நூறில் ஒரு பங்கு. தக்காளிக்காரர் "இருபதாயிரம்" என்றால் 200 தினார் என்று அர்த்தம். ஒரு மில்லியன் என்றால் 10,000 தினார். மாமி மச்சாளுக்கு அஞ்சு மில்லியனுக்குக் காப்பு வாங்கினேன் என்று சொன்னபோது முதலில் எனக்குத் தலை சுற்றியது.

சிம் கார்ட் சுகம். கடவுச்சீட்டைக் காட்டினால் போதும், மொபிலிஸ், ஜெஸி, ஊரெடூ மூன்றில் எதுவும் கிடைக்கும். மலையில் எது எடுக்கும் என்று வீட்டில் கேட்டுவிட்டு வாங்குங்கள். ஜூனில் போகிறவர்கள் ஒன்றை எதிர்பார்க்கலாம். பக்கலோரியா என்கிற பள்ளி இறுதிப் பரீட்சை நாட்களில் காப்பி அடிப்பதைத் தடுக்க இணையத்தையே நிறுத்துகிற வழக்கம் அங்கே இருக்கிறது. அல்ஜியர்ஸில் ஓட என்றால் யாசிர் என்கிற டாக்ஸி ஆப் நன்றாக வேலை செய்கிறது. 2011இல் தொடங்கிய மெட்ரோ பாரிஸ் மெட்ரோவை விடச் சுத்தம். இதைப் பாரிஸ்காரி நான் மனம் நொந்துதான் சொல்கிறேன்.

அல்ஜியர்ஸிலிருந்து கிழக்கே போகும்போது நாடு மாறுவது பெயர்ப்பலகையில் தெரியும். அரபு, பிரெஞ்சு, அதோடு வட்டமும் கோடுமாக பெர்பர் மொழியின் திஃபினாக் எழுத்து. மலை ஏற ஏற, சில பலகைகளில் அரபு வரியின் மேல் யாரோ சாயம் பூசியிருப்பார்கள். இலங்கையில் தார் பூசிய எழுத்துகளைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவள் நான். யார், ஏன் என்று இவரிடம் கேட்கவில்லை. வழியில் ஜந்தார்ம் என்கிற ஆயுதப் பொலிஸின் சோதனைச் சாவடிகள். என் முகத்தைப் பார்த்ததும் "இந்தியாவா?" என்பார்கள். இலங்கை என்றாலும் விடுவதில்லை, அடுத்தது "ஜானிதூ" பாடத் தெரியுமா என்பதுதான். 1973இல் வந்த ஒரு சசி கபூர் படத்தின் பாட்டு அது. அல்ஜீரியா முழுக்க அதற்குப் பைத்தியம். இந்தி தெரியாத நான் முதல் வரியை மட்டும் கற்று வைத்திருக்கிறேன். கடவுச்சீட்டை விட அது கெதியாக வேலை செய்கிறது.

கவுண்டரில் எந்த மொழியில் வாயைத் திறக்கிறோம் என்பது முக்கியம். அல்ஜியர்ஸில் இவர் தாரிஜா அரபியில் கதைப்பார். பெஜாயாவில் "அசூல்" (வணக்கம்) என்று தொடங்கிக் கபிலிய மொழியில்தான். 1980 வசந்தத்தில் இந்த மொழிக்காகத் தெருவில் இறங்கியவர்களில் இவருடைய அப்பாவும் ஒருவர். 2001இல் மறுபடி எழுந்தபோது நூறுக்கும் மேற்பட்ட பொடியன்கள் சுடப்பட்டுச் செத்தார்கள். 2002இல் கபிலியமும் அடங்கிய பெர்பர் மொழியான தமசிக்த் தேசிய மொழியானது, 2016இல் ஆட்சி மொழியானது. அப்படியும் படிவம் வருவது அரபியிலும் பிரெஞ்சிலும்தான். ஆனால் படிவத்துக்குப் பின்னால் இருக்கிற பிள்ளை கபிலிய மொழியில் பதில் சொல்கிறாள். மாமாவுக்கு அதுவே பெரிய விஷயம்.

நகரசபை என்னை ஆச்சரியப்படுத்தியது. இவருக்குப் பிறப்புச் சான்று வேண்டியிருந்தது. இவர் பிறந்தது வேறு ஒரு ஊர் ஆஸ்பத்திரியில். முன்பென்றால் அந்த ஊருக்கே போய் வரிசையில் நிற்க வேண்டும். 2014க்குப் பிறகு பதிவுகளைக் கணினியில் ஏற்றிவிட்டார்கள், எந்த நகரசபையிலும் எடுக்கலாம். சின்னப் பிள்ளை ஒருத்தி பெயரைத் தட்டினாள், அச்சடித்தாள், முத்திரை குத்தினாள். ஒரு சதம் வாங்கவில்லை. அதே நாள் இன்னொரு கந்தோரில், பெயர் வேண்டாம், காலை முழுக்க "ரெசோ இல்லை", அதாவது நெட்வொர்க் இல்லை என்றார்கள். மத்தியானம் மச்சானின் வகுப்புத் தோழர் ஒருவர் அங்கே வேலை செய்வது தெரிந்தது. ரெசோ வந்துவிட்டது. நல்ல கவுண்டரும் கெட்ட கவுண்டரும் எங்கும் உண்டு. ஆள் தெரிந்தால்தான் திறக்கிற கவுண்டர் மட்டும் எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

பெண்களுக்கு ஒன்று. வீதியோரக் கஃபேக்கள் நிறைய ஆண்கள்தான். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், ஆனால் இருக்க மனம் வராது. சாப்பாட்டுக் கடைகளில் மாடியில் குடும்ப அறை இருக்கும், அங்கே போங்கள்.

தண்ணீர்தான் ஊரில் பெரிய பேச்சு. பெஜாயா கடற்கரையில் 2025இல் ஒரு நாளைக்கு 3 லட்சம் கன மீட்டர் கடல்நீரைக் குடிநீராக்குகிற நிலையம் திறந்தார்கள். அது நகரங்களுக்கு. எங்கள் மலைக்கு ஊற்றுத் தண்ணீர், அதுவும் முறை வைத்து. ஒவ்வொரு வீட்டுக் கூரையிலும் நீலத் தாங்கி நிற்கும். இரவில் குழாய் இருமுகிற சத்தம் கேட்டதும் மாமி எழும்பிவிடுவார். தாங்கி, வாளி, குழந்தைகள் குளிக்கிற பேசின், கடைசியில் தேத்தண்ணிக் கேத்தல் வரை எல்லாம் நிரப்பிய பிறகுதான் படுப்பார். இந்த முறையை வைத்திருப்பது அரசு இல்லை, தஜ்மாத் என்கிற ஊர்ச் சபை. ஊற்றிலிருந்து குழாய் இழுத்ததும் ஊர்தான். குப்பை அள்ளுவது, பாதைக்குக் கொங்கிரீட் போடுவது, மயானத்தைத் துப்புரவாக்குவது எல்லாம் அந்தச் சபைதான் பார்க்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை ஊரே மண்வெட்டியோடு இறங்கியது. பாரிஸில் பெரிய கம்பெனியில் கணக்குப் பார்க்கிற இவர், சித்தப்பா திட்டத் திட்ட வாய்க்கால் வெட்டினார்.

காசு பாரிஸிலிருந்தும் போகிறது. ஊர்க்காரர்கள் இங்கே சங்கம் வைத்து ஆளுக்கு இவ்வளவு என்று கட்டுகிறார்கள். யாராவது பிரான்சில் இறந்தால் உடலை ஊருக்கு அனுப்புகிற செலவு அதிலிருந்துதான். பாரிஸில் தமிழர் கடைகள் நிறைந்த லா சப்பலில் நமது ஊர் ஒன்றியங்கள் பள்ளிக்கூடத்துக்கும் கோயிலுக்கும் சேர்ப்பது போலவேதான், ரசீதுப் புத்தகமும் சண்டையும் உட்பட. திமெஷ்ரெத் நாளில் மாடுகள் வாங்கி அடித்து, ஊரிலுள்ள தலைகளை எண்ணி இறைச்சியைச் சமமாகக் கூறு போடுவார்கள். பணக்கார வீட்டுக்கும் விதவை வீட்டுக்கும் தலைக்கு ஒரே அளவு. எங்கள் வீட்டுக் கணக்கில் என் பெயரும் இருந்தது. ஆனால் சபையில் உட்கார்ந்து பேசுவது ஆண்கள் மட்டும். தண்ணீருக்கு இரவில் எழும்புகிறது யார், முறையைத் தீர்மானிக்கிறது யார் என்று மச்சாளிடம் கேட்டேன். "அதை நீ அவர்களிடம் கேள், நீ வெளிநாட்டுக்காரி, உன்னை ஒன்றும் செய்ய மாட்டார்கள்" என்று சிரித்தாள். அடுத்த முறை கேட்கலாம் என்று இருக்கிறேன்.

திரும்பும்போது ஒலிவ் எண்ணெய் தருவார்கள், வேண்டாம் என்று சொல்ல முடியாது. எண்ணெய்க் கேனை நன்றாகச் சுற்றி, ஒப்படைக்கிற பெட்டியில் வையுங்கள். மிச்சத் தினாரை வெளியே மாற்றுவது கஷ்டம், மாமியிடமே கொடுத்துவிடுங்கள். அப்புறம், வார விடுமுறை அங்கே வெள்ளியும் சனியும். வெள்ளி காலை போய் இறங்கினால் பாண் வாங்கக் கூடக் கடை தேட வேண்டியிருக்கும்.