காது கேமரா: பாக்க ஓகே, நோண்ட வேணாம்

பேனா மாதிரி ஒரு குச்சி, நுனியில குட்டி கேமரா, சுத்தி லைட்டு, மேல ஒரு சிலிகான் கரண்டி மாட்டிக்கணும், வைஃபைல போனோட கனெக்ட் ஆயிடும், ஆன்லைன்ல 799 ரூபா. சும்மா சொல்லக்கூடாது, படம் பளிச்சுனு இருக்கு. வலது காதுல பேரீச்சம்பழ கலர்ல குரும்பி அடைச்சிட்டு நிக்குது, இடது காதுல ஒண்ணுமே இல்ல. வீட்ல எல்லாரும் வரிசைல நின்னு காட்டிக்கினாங்க, எங்க ஆயா உட்பட.

கரண்டிய விட்டப்பதான் வினையே. ஸ்கிரீன பாத்து கைய ஒரு பக்கம் தள்ளினா அது வேற பக்கம் போவுது, எவ்ளோ ஆழத்துல இருக்கோம்னும் புரியல. செவிப்பறை வரைக்கும் மொத்தமே சுமார் 2.5 சென்டிமீட்டர்தான், அப்புறம் கரண்டி நீளத்த பாத்து பகீர்னு ஆயிடுச்சு. கொஞ்சோண்டு வந்துச்சு, மிச்சம் உள்ள போய் அப்பிக்கிச்சு. மறுநாள் தலைக்கு குளிச்சேன், காது கப்புனு அடைச்சிக்கிச்சு. காசிமேட்டுல மீன்காரம்மா நானூறுன்னது எனக்கு நூறுன்னு கேட்டு சந்தோஷமா தலையாட்டிட்டேன்.

ஆயா பூண்டு போட்டு எண்ணெய காய்ச்சுறேன்னு கிளம்புச்சு, நான் ராயபுரத்துல ஒரு ஈஎன்டி கிட்ட ஓடிட்டேன். சீழ் வந்திருக்கா, பறையில ஓட்டை இருக்கா, சுகர் இருக்கான்னு கேட்டுட்டுதான் டாக்டரம்மா சொட்டு மருந்தே எழுதினாங்க. ஓட்டை இருந்தா காதுக்குள்ள தண்ணி பீச்சி கழுவவே மாட்டாங்களாம், மைக்ரோஸ்கோப்ல பாத்து உறிஞ்சி எடுப்பாங்களாம். குரும்பி அழுக்கு இல்லயாம், காதுக்கு காவலாம், மெல்லும்போது தாடை அசைய அசைய தானா வெளிய வந்துடுமாம், நான்தான் வருஷக்கணக்கா பட்ஸ் போட்டு இடிச்சு கெட்டியாக்கி வெச்சிருக்கேன்.

அஞ்சு நாள் சொட்டு. மொத ரெண்டு நாள் ஊறி உப்பி அடைப்பு இன்னும் ஜாஸ்தியாச்சு, அத முன்னாடியே சொல்லியிருந்தாங்க. அப்புறம் உடம்பு சூட்டுக்கு வெதுவெதுன்னு தண்ணிய சிரிஞ்சுல பீச்சினாங்க, சில்லுனு அடிச்சா தலை சுத்துமாம். காதுக்கு கீழ நானே ட்ரே புடிச்சிட்டு உக்காந்திருந்தேன், மொச்சக்கொட்ட சைசுல டொக்குனு ஒண்ணு விழுந்துச்சு, உடனே தலைக்கு மேல ஃபேன் கிறீச்னு கத்துறது கேட்டுச்சு.

கேமராவுக்கு மட்டும் ரெண்டு ஸ்டார். கரண்டி குப்பைல. கேமராவ இப்ப அம்மா தையல் மெஷினுக்குள்ள நூல் எங்க சிக்கியிருக்குன்னு பாக்க வெச்சிருக்காங்க.