நில மாற்றத்துக்கு மக்கள் வாக்கு: கோடு போடுவதா, எல்லாவற்றையும் கேட்பதா?

நில வகைப்பாட்டை மாற்றுவதற்கு மக்கள் வாக்கு கட்டாயம் என்று சட்டம் கொண்டுவர கலிஃபோர்னியாவில் இரண்டு அச்சுகள், அதாவது மாதிரிகள், உண்டு. நாபா கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) அச்சில் விவசாய நிலத்துக்கு மட்டும்தான் பூட்டு. அதை வேறு வகைக்கு மாற்றினால் வாக்கெடுப்பு. என்சினிடாஸ் நகரத்தின் அச்சில் ஊருக்குள் அடர்த்தியோ உயரமோ கூட்டும் பெரிய மாற்றம் எதுவானாலும் வாக்குப் பெட்டிக்குப் போக வேண்டும். என் சாய்வு நாபா பக்கம்.

இப்படி ஒரு சட்டத்தை வாக்கெடுப்புக்குக் கொண்டுவர மக்கள் மனுவில் கையெழுத்துத் திரட்டும் வேலை இரண்டுக்கும் ஒன்றுதான். நகரமானால் பதிவான வாக்காளர்களில் 10 விழுக்காடு, 180 நாள் அவகாசம். பலர் தடுக்கி விழுவது மனுவின் வாசகத்தில். ஹேவர்ட் நகரில் பொதுத் திட்டத்தின் (எந்த நிலம் எதற்கு என்று சொல்லும் ஊரின் அடிப்படைத் திட்டம்) கொள்கைகளைப் பெயரளவில் சுட்டிவிட்டு முழு வாசகத்தை இணைக்காத மனுவை 1998-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளியது. மாற்றப்படும் பத்தி, உறுதி செய்யப்படும் பத்தி, வரைபடம் எல்லாம் மனுவிலேயே அச்சாக வேண்டும்.

முடிவைத் தீர்மானிப்பது வீட்டுக் கணக்கு. பெரும்பாலான ஊர்களுக்கு 8 ஆண்டுக்கு ஒருமுறை இத்தனை வீட்டுக்கு இடம் காட்டு என்று மாநிலம் எண் கொடுக்கிறது. இடம் காட்ட வேண்டுமானால் அடர்த்தியை உயர்த்தியே ஆக வேண்டும். என்சினிடாஸ் அச்சு நேராக அங்கே போய் முட்டுகிறது. 2013-ல் சட்டம் வந்தது. 2016-லும் 2018-லும் நகரம் கொண்டுவந்த வீட்டுத் திட்டங்களை மக்கள் நிராகரித்தார்கள். அதே 2018 டிசம்பரில், வாக்கெடுப்பு இல்லாமலே திட்டத்தை ஏற்கும்படி நீதிமன்றம் நகரத்துக்கு உத்தரவிட்டது. எதற்காக வாக்குரிமை வாங்கினார்களோ அந்த இடத்திலேயே அது செல்லாக்காசானது. வழக்குச் செலவு தனி.

நாபா அச்சு இந்த மோதலை ஒதுங்கிப் போகிறது. பூட்டு வயலுக்கும் திராட்சைத் தோட்டத்துக்கும்தான், ஊர் நடுவில் அடர்த்தி கூட்டுவதை அது தடுப்பதில்லை. 1990-ல் நிறைவேறிய இந்த நாபா சட்டத்தை (மெஷர் ஜே) 1995-ல் மாநில உச்ச நீதிமன்றம் செல்லும் என்றது. 2020-ல் முடிய இருந்ததை 2008-ல் மக்களே 2058 வரை நீட்டினார்கள். இவ்வளவு நீண்ட பூட்டு எட்டாண்டுக் கணக்குகள் இறுக இறுகத் தாங்குமா என்பதற்கு இனிமேல்தான் பதில் வரும்.

இந்த அச்சுக்கும் ஓட்டை உண்டு, அது நகர எல்லை வழியாக வருகிறது. சொலானோ கவுண்டியில் புது நகரம் கட்ட 60,000 ஏக்கருக்கு மேல் வாங்கிய கலிஃபோர்னியா ஃபாரெவர் நிறுவனம், அங்கும் இதே மாதிரி கவுண்டி பூட்டு இருந்ததால் 2024-ல் வாக்கெடுப்புக்கு வந்து, ஜூலையில் பின்வாங்கியது. அடுத்த ஆண்டே சூசன் சிட்டி தன் எல்லைக்குள் நிலத்தைச் சேர்த்துக்கொள்ளும் பேச்சு கிளம்பியது. நிலம் நகரத்துக்குள் போய்விட்டால் கவுண்டி பூட்டுக்கு அங்கே வேலையில்லை. வென்ச்சுரா கவுண்டி இதை அடைத்த விதம் பார்க்கத் தக்கது: கவுண்டிக்கு ஒரு சட்டம், உள்ளே இருக்கும் நகரங்களுக்குத் தனித்தனியாக விரிவு எல்லை, அதாவது வாக்கில்லாமல் நகரம் தாண்டி வளரக் கூடாத கோடு. இரண்டையும் சேர்த்துப் போடாமல் இறங்குவது கதவைப் பூட்டி ஜன்னலைத் திறந்து வைப்பதுதான்.

நடுவழி ஒன்று நியூபோர்ட் பீச்சில் உண்டு: பொதுத் திட்டம் அனுமதித்ததற்கு மேல் 100 வீடு, 40,000 சதுர அடி, உச்ச நேரத்தில் 100 வண்டிப் பயணம், இதில் ஒன்று தாண்டினாலும் வாக்கெடுப்பு. 99-ல் நிறுத்திக்கொள்ள ஆசை வரும் என்பதால், அதே பகுதியில் முந்தைய 10 ஆண்டுகளில் நடந்த கூடுதல்களில் 80 விழுக்காட்டையும் கணக்கில் சேர்க்கிறார்கள். புத்திசாலித்தனமான விதி. ஆனாலும் வீட்டுக் கணக்கோடு உரசுவது இதற்கும் தப்பவில்லை. எல்லா மாற்றத்துக்கும் வாக்கு என்று கேட்ட ஃபுளோரிடாவின் திருத்தம் 4, 2010-ல் மூன்றில் ஒரு பங்கு ஆதரவோடு நின்றுபோனது.

எழுத உட்காருபவர்கள் விதிவிலக்குப் பத்தியை முதலில் எழுதட்டும்: மாநில வீட்டுச் சட்டம் கட்டாயப்படுத்தினால் நகர்மன்றம் வாக்கில்லாமல் எல்லையை மாற்றலாம், ஆனால் ஆண்டுக்கு இத்தனை ஏக்கருக்கு மேல் கூடாது. வென்ச்சுராவின் நகரங்களில் இந்த மாதிரி வாசகம் இருக்கிறது. ஏக்கர் எண்ணைக் காலியாக விட்டால் விதிவிலக்கே விதியாகிவிடும்.