பைடெஸ்ட்டோடு நான்கு வருடம்

பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் இருக்கும் நண்பன் போன வாரம் கேட்டான்: "மச்சான், யூனிட்டெஸ்ட்டை விட்டுட்டு பைடெஸ்ட்டுக்கு மாறலாமாடா?" இரண்டும் பைத்தான் நிரல்களைச் சோதிக்கும் கருவிகள். பத்து நாள் முன்னால் கேட்டிருந்தால் யோசிக்காமல் மாறு என்றிருப்பேன். அவன் கேட்ட நேரம் சரியில்லை.

நான்கு வருடமாக ஜாங்கோ என்ற பைத்தான் வலைச்சட்டகத்தில் எழுதிய ஒரு ஆர்டர் செயலியில் பைடெஸ்ட்டைத்தான் ஓட்டுகிறேன். இது இப்படி இருக்க வேண்டும் என்று வெறும் அசர்ட் வரி எழுதினால் போதும். டெஸ்ட் விழும்போது, அதாவது தோற்கும்போது, இரண்டு பக்கமும் என்ன மதிப்பு இருந்தது என்று பிரித்துக் காட்டிவிடும். எங்கள் டெஸ்ட்கள் மொத்தமும் ஓடி முடிவதற்குள் கீழே தர்ஷினி ஓட்டலில் ஒரு பை-டூ காபி குடித்துவிட்டு வந்துவிடலாம். எல்எஃப் என்ற ஆப்ஷன் போட்டால் கடைசியாக விழுந்தவை மட்டும் ஓடும். அப்புறம் காபிக்கு நேரமிருக்காது.

ஆனால் டெஸ்ட்டுக்கு வேண்டியதைத் தயார் செய்து தரும் இந்த ஃபிக்ஸ்சர் இருக்கிறதே! டெஸ்ட்டில் பெயரைப் போட்டால் பொருள் வந்து நிற்கும். எங்கிருந்து வந்தது என்று சொல்ல ஒரு இம்போர்ட் வரிகூட இருக்காது. ஃபிக்ஸ்சர்களைப் பொதுவாக வைக்கும் கான்ஃப்டெஸ்ட் கோப்பில் தேடு, இல்லையென்றால் மேல் ஃபோல்டரில் தேடு. கேட்காமலே தானாக ஓடும் ஆட்டோயூஸ் என்றால் அந்தப் பெயரும் கிடையாது.

இதில் நான் மாட்டிய கதை இது. எங்கள் செயலியில் நள்ளிரவு 12 முதல் காலை 5.30 வரை வந்த ஆர்டர்களுக்கெல்லாம் பில்லில் முந்தின நாள் தேதி. காரணம் எளிது: ஜாங்கோவின் டைம்ஸோன் நவ் தருவது யுடிசி, அதாவது நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும் உலகப் பொது நேரம், அதிலிருந்து நேராகத் தேதியை எடுத்திருக்கிறோம். உள்ளூர் தேதி தரும் லோக்கல்டேட் என்று மாற்றினால் தீர்ந்தது, ஒரே வரி. மாற்றுவதற்கு முன் டெஸ்ட் விழுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பது என் பழக்கம். இரவு ஒன்றரை மணிக்கு எச்எஸ்ஆர் லேஅவுட் வீட்டில் ஓட்டுகிறேன், அத்தனையும் பச்சை, அதாவது பாஸ். மறுநாள் இரவும் பச்சை.

கடைசியில், எந்தெந்த ஃபிக்ஸ்சர் ஓடுகிறது என்று காட்டும் செட்டப்ஷோ ஆப்ஷனைப் போட்டதும் மாட்டியது. ஃப்ரீஸ்கன் என்ற லைப்ரரியை வைத்து எல்லா டெஸ்ட்டுக்கும் கடிகாரத்தை யுடிசி மதியம் 12 மணியில் நிறுத்திவைத்த ஒரு ஆட்டோயூஸ் ஃபிக்ஸ்சர். எழுதியவர் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார். அந்த மாற்றத்தைச் சேர்த்தபோது எழுதிய கமிட் குறிப்பு: ராத்திரியில் விழும் டெஸ்ட் சரிசெய்யப்பட்டது. டெஸ்ட்டைச் சரிசெய்திருக்கிறார், மகராசன்!

கருவி மேல் தப்பில்லைதான். ஆனால் ஒளித்துவைக்க இவ்வளவு வசதியாக இடம் கொடுத்தது யார்?

கடிகாரத்தை யுடிசி இரவு 8 மணிக்கு, அதாவது நமக்கு ஒன்றரைக்கு, நிறுத்தி ஒரு டெஸ்ட் எழுதினேன். விழுந்தது. வரியை மாற்றினேன், பச்சை.

நண்பனுக்கு "வேண்டாம், ஐந்துக்கு இரண்டு மார்க்" என்று அனுப்பிவிட்டேன். பழைய யூனிட்டெஸ்ட் கிளாஸ்களை பைடெஸ்ட் அப்படியே ஓட்டும், மாறுவதில் பெரிய வேலை இல்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.